பன்னிரண்டு நாள் பண்ணையார்

சென்ற தை மாதத்தில் 12 நாள் நாம் ஒரு பண்ணைக்கு எஜமானராக இருந்துவிட்டு வந்தோம். எஜமானர் என்பது நாம் சொல்லிக்கொள்வது. அந்தப் பண்ணையில் இருந்த 41 ஆடுகளை விசாரித்தால் அவை வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

விஷயம் இதுதான். நம்முடைய கலாசாலைத் தோழர் ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், எல்லோரையும் போல் பட்டணத்து அடுக்கு வீடு ஒன்றில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக் காலம் தள்ளாமல், தாராபுரத்தைத் தாண்டி மூலனூர்ப் பக்கத்தில் ஏழு ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கினார். அதிலே வெள்ளாடு வளர்த்துப் பால் கறந்து விற்கத் தொடங்கினார். கறிக்காக ஆடு வளர்க்கிறவர்கள் அந்தச் சீமையில் ஏராளம். பாலுக்காக ஆடு வளர்க்கிறேன் என்று சொன்ன மனிதரை ஊரார் கொஞ்ச காலம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பால் வாங்க வந்தார்கள்.

அவருடைய பெண்ணுக்குப் பூனாவில் தலைப்பிரசவம். தாய் தகப்பன் இருவருமே போகவேண்டியிருந்தது. பகலில் ஆடு மேய்ப்பதற்கு ஒரு பெரியவர் வருவார். கறப்பது, பாலை அளப்பது, இராக் காவல் இருப்பது எல்லாம் நண்பரும் அவர் மனைவியுமே செய்து வந்தவை. டெலிபோனில் இதையெல்லாம் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, "உன்னால் முடியுமா?" என்று கேட்டார். நாம் நமது முழங்கால் வலியைப் பற்றி ஒரு நீண்ட பீடிகை போட ஆரம்பித்தோம். அதற்குள் நம் சகதர்மிணி பின்னாலிருந்து, "வருகிறோம் என்று சொல்லுங்கள்" என்றாள். அவள் தஞ்சை ஜில்லாவில் மாட்டுத் தொழுவம் உள்ள வீட்டில் பிறந்தவள். நாமோ பாலைப் பாக்கெட்டிலேயே கண்டவர்.

அந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்கிறார்கள். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். பெயர் பெற்ற காங்கேயம் காளைகள் மேய்ந்து வளர்ந்த புல் இதுதான். மழை அங்கே கொஞ்சம். பெய்த கொஞ்சத்தையும் புல்லாக்கிப் பல மாதம் வைத்துக்கொள்ளும் வித்தை அந்தக் குடியானவர்களுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகை மழையின் தயவில் நாம் போன சமயம் காடெல்லாம் முழங்கால் அளவு புல் நின்றது. ஆடு என்ன செய்கிறது என்கிறீர்கள்? காலடியிலிருக்கும் புல்லை அலக்ஷியம் செய்துவிட்டு, பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளுவைத் தழையை எட்டிப் பறிக்கிறது. மாடு குனிந்து மேயும்; ஆடு நிமிர்ந்து கடிக்கும். எட்டாத தழைதான் அதற்கு ருசி. இந்த விஷயத்தில் அதைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

நண்பர் புறப்படுமுன் ஒரு நாள் முழுவதும் நமக்குப் பாடம் நடத்தினார். ஆட்டை ஒரு மேடைமேல் ஏற்றிக் கழுத்தை இரண்டு கட்டைகளுக்கு நடுவே மாட்டவேண்டும். எதிரே தீவனத் தொட்டி இருக்கும். மடியை வெதுவெதுப்பான நீரால் கழுவித் துடைக்கவேண்டும். "பசுவுக்கு நாலு காம்பு, ஆட்டுக்கு இரண்டுதானே? ஆகவே பாதி வேலை" என்றோம் நாம். நண்பர் பதில் சொல்லவில்லை. முதல் இரண்டு பீச்சைத் தனிக் கிண்ணத்தில் விட்டு, பால் திரிதிரியாக வருகிறதா என்று பார்க்கவேண்டும், வந்தால் மடிநோய். பிறகு பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் மேல்பாகத்தை வளையமாக இறுக்கி, பால் மடிக்குள் திரும்பி ஏறாதபடி தடுத்துக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மூடவேண்டும். இழுக்கக்கூடாது.

நாம் 20 நிமிஷம் பாடுபட்டு ஒரு டம்ளர் பால் எடுத்தோம். பாரிஜாதம் என்ற அந்த ஆடு (நண்பரின் மனைவி எல்லாவற்றுக்கும் புஷ்பங்களின் பெயரையே வைத்திருக்கிறாள்) அதற்குள் தீவனத்தைத் தின்று முடித்து, ஒரு காலைத் தூக்கி, சாவகாசமாகப் பாத்திரத்துக்குள்ளேயே வைத்தது. பிறகு சகதர்மிணி உட்கார்ந்தாள். சொர் சொரென்று ஐந்தே நிமிஷத்தில் ஒன்றேகால் லிட்டர்! அந்த க்ஷணத்தில் ராஜ்யம் பிரிக்கப்பட்டது. கறவை அவளுடைய இலாகா. தழை வெட்டுதல், புழுக்கை கூட்டுதல், பாத்திரம் கழுவுதல், கணக்கெழுதுதல் ஆகியவை நம்முடையவை.

"ஆடு ஆளைப் பாத்துத்தானுங்க பாலை விடும். நீங்க பயந்தா அதும் பயந்துக்குமுங்க" என்று மேய்க்கிற பெரியவர் நமக்கு ஆறுதல் சொன்னார். இது வெறும் பேச்சன்று. மிரண்ட பிராணிக்குப் பால் இறங்காது என்று கால்நடை சாஸ்திரமும் சொல்கிறது.

கறவையில் இருந்தவை 18. பெரும்பாலும் மலையாளத்துத் தலைச்சேரி ஜாதி; நாலு மட்டும் யமுனாபாரி. யமுனைக்கும் சம்பல் நதிக்கும் நடுவே எட்டாவாப் பிரதேசத்தைப் பூர்விகமாகக் கொண்ட வம்சம் அது. கிளி மூக்கும், தழையத் தழையத் தொங்கும் காதுகளுமாக அவை நடந்து வரும்போது சமஸ்தானத்து ராணிகள் நகர்வலம் வருவது போலிருக்கும். இவற்றைத் தவிர சினையாடு ஐந்து, குட்டிகள் 17, பொலிகிடா ஒன்று. கிடாவைத் தூரத்தில் தனியே கட்டியிருந்தார்கள். அது தன் தாடிக்கு வாசனை பூசிக்கொள்ளும் முறையைக் குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் எழுதுவது மரியாதையாகாது. ஆட்டுப்பாலில் வாடை வீசும் என்று பட்டணத்தில் சொல்கிறார்களே, அதற்குப் பாதி காரணம் இந்த ஆசாமியைக் கறவை ஆடுகளுக்குப் பக்கத்தில் கட்டுவதுதான். கிடாவைத் தள்ளி வைத்து, பாத்திரத்தைச் சுத்தமாக வைத்து, கறந்ததும் வடிகட்டிக் குளிர வைத்தால் வாடை வருவதில்லை. இதைத் தினம் இரண்டு வேளைக் காப்பியில் நாம் பரீக்ஷித்துப் பார்த்தோம். முதல்தரமான காப்பி!

வெண்ணெய் எடுக்கத்தான் சகதர்மிணி தோற்றுப் போனாள். ஆட்டுப்பாலில் கொழுப்புத் துளிகள் மிகச் சிறியவை. பசும்பாலில் போல் ஆடை சுலபமாக மேலே திரளுவதில்லை. கடைசியில் ஓர் எலுமிச்சங்காய் அளவு வந்தது, வெள்ளை வெளேரென்று. தழையிலுள்ள மஞ்சள் சத்தை ஆடு தன் உடம்பிலேயே 'ஏ' வைட்டமினாக மாற்றிவிடுகிறது. ஆகையால் வெண்ணெயில் மஞ்சள் ஏறுவதில்லை.

காலை ஏழு மணிக்குத் தூக்குப் பாத்திரங்களுடன் ஜனங்கள் வருவார்கள். ஒரு நாள் ஒரு சிறு பெண், தன் கைக்குழந்தைக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை, ஆட்டுப்பால் வேண்டும் என்றாள். நண்பர் நமக்காக எழுதி வைத்துவிட்டுப் போன நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தோம். அதில் இதற்கும் பதில் இருந்தது. 'கைக்குழந்தைக்கு என்றால் விற்காதே. டாக்டரைக் கேட்கச் சொல். பசும்பால் ஒவ்வாத குழந்தைக்குப் பெரும்பாலும் ஆட்டுப்பாலும் ஒவ்வாது.' பால் விற்றுப் பிழைக்கிற மனிதர் இப்படி எழுதி வைத்திருக்கிறாரே என்று அவரிடம் நமக்கு மரியாதை ஏறிற்று.

அதே புத்தகத்தில் ஒன்பதாம் நாளுக்கு நேரே இன்னொரு வரி இருந்தது. 'வியாபாரி வருவார். கீழண்டைப் பட்டியிலுள்ள நாலு கிடாக்குட்டிகளையும் கொடுத்துவிடு. முன்பணம் வாங்கியாயிற்று. எடை போட்டு மீதியை வாங்கிக்கொள்.' முதல் நாள் இந்த வரி நம் கண்ணில் பட்டது, மனத்தில் படவில்லை.

கீழண்டைப் பட்டியிலிருந்த நாலுக்கும் ஆறு மாதம் இருக்கும். நாம் தழைக் கட்டுடன் வருவதைக் கண்டால் வேலியின்மேல் முன்னங்கால்களைப் போட்டுக்கொண்டு கூச்சல் போடும். அகத்தியை முதலில் தின்றுவிட்டு, பிறகு நம் மூக்குக் கண்ணாடியின் கயிற்றைத் தின்ன வரும். அவற்றில் நெற்றியில் வெள்ளைச் சுட்டியுள்ள ஒன்றுக்குச் சகதர்மிணியின் முந்தானையில்தான் பிரேமை. அவள் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. "வாருங்கள் பிள்ளைகளா" என்று மொத்தமாகக் கூப்பிடுவாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் திடீரென்று, "இந்த நாலும் எங்கே போகும்?" என்றாள்.

"வியாபாரியிடம்."

"வியாபாரியிடமிருந்து?"

நாம் அரிவாளைத் தேடிக்கொண்டு தழை வெட்டப் போய்விட்டோம்.

அன்றிரவு இருவருக்கும் தூக்கம் வரவில்லை. கணக்கெழுதும் இலாகா நம்முடையது அல்லவா? மனத்திலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆடு ஈன்றால்தான் பால். ஐந்து மாதம் சுமந்து ஒன்றோ இரண்டோ, சிலசமயம் மூன்றோ போடும். இந்தப் பண்ணையில் 23 பெட்டைகள். வருஷத்துக்கு ஒரு முறை ஈன்றாலும் 35 குட்டிக்குக் குறையாது. அவற்றில் ஏறக்குறையப் பாதி கிடா. மந்தைக்கு வேண்டியதோ ஒரே ஒரு கிடா. அதுவும் அதே மந்தையில் பிறந்ததாக இருக்கக்கூடாது. ஆக, வருஷந்தோறும் 17 கிடாக்கள் மிச்சம். பெட்டைக்குட்டிகளை வளர்ப்பதற்கென்று வாங்க ஆள் உண்டு. கிடாக்களை வாங்க வருகிறவர் ஒருவரே. நிலம் ஏழு ஏக்கர்தான். நம் வீட்டில் மாமிசம் சமைத்ததில்லை. ஆனால் காலையில் குடித்த காப்பிக்கும் கீழண்டைப் பட்டிக்கும் உள்ள சம்பந்தத்தை எப்படிக் கழித்தாலும் மீதி வந்துகொண்டேயிருந்தது. பசும்பாலிலும் இதே கணக்குத்தான். பாக்கெட்டின்மேல் அது அச்சிடப்படுவதில்லை.

மஹாத்மாவின் ஆட்டுப்பால் வரலாற்றை நேயர்கள் அறிவார்கள். கல்கத்தாவில் பசுக்களிடமும் எருமைகளிடமும் கடைசிச் சொட்டுப் பாலையும் வாங்குவதற்காகச் செய்யப்பட்ட கொடுமைகளைப் பற்றிப் படித்து மனம் நொந்திருந்த அவர், 1912-ல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது பாலை விட்டார். 1918-ல் கேடா ஜில்லாவில் அலைந்து சீதபேதியில் விழுந்து சாகும் தறுவாய்க்குப் போனார். 1919-ன் ஆரம்பத்தில் பம்பாய் வைத்தியர், பால் சாப்பிடாமல் உடம்பு தேறாது என்றார். அப்போது கஸ்தூரிபாய்தான், சபதம் செய்தபோது பசுவும் எருமையும்தானே மனத்தில் இருந்தன, ஆட்டுப்பாலுக்கு என்ன ஆக்ஷேபம் என்று வழி சொன்னது. அவரும் இசைந்தார். ஆனால் சபதத்தின் எழுத்தைத்தான் காப்பாற்றினோம், உயிரைக் காப்பாற்றவில்லை என்று சத்தியசோதனையில் எழுதி வருந்தியிருக்கிறார். அவர் வருந்தியது சபதத்தைக் குறித்து, கிடாக்குட்டிகளைக் குறித்தன்று. ஆயினும் இருட்டில் இதை நாம் எடுத்துச் சொன்னதும் சகதர்மிணி, "அவருக்கு ஒரு சபதம் இருந்தது; வருந்தினார். நமக்கு அதுவும் இல்லை. சுகமாகக் குடிக்கிறோம்" என்றாள்.

சற்று நேரம் கழித்து, "நாமே விலை கொடுத்து வாங்கிவிட்டால் என்ன?" என்றாள்.

"எங்கே கட்டுவது? மூன்றாவது மாடியிலா?"

"இங்கேயே இருக்கட்டும். தீவனச் செலவு நாம் அனுப்பலாம்."

சாத்தியமான யோசனைதான். நாலுக்கு அனுப்பலாம். ஆடி மாதம் வரப்போகிற நாலுக்கு? மேலும், நாம் நண்பரின் வீட்டைக் காக்க வந்தோமேயன்றித் திருத்த வரவில்லை. அவர் முன்பணம் வாங்கி வார்த்தை கொடுத்திருக்கிறார். இப்படியெல்லாம் நியாயம் பேசினோம். நியாயம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் மறுநாள் சகதர்மிணி நண்பரையே கேட்டுவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தாள்; பிறகு, "பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிற சமயத்தில் இதையா கேட்பது?" என்று கீழே வைத்துவிட்டாள்.

எட்டாம் நாள் ராத்திரி மல்லிகை என்ற சினையாடு மந்தையை விட்டு ஒதுங்கி நின்று தரையைக் காலால் பறித்தது. படுத்தது, எழுந்தது, தன் விலாவைத் தானே திரும்பிப் பார்த்தது. நோட்டுப் புத்தகத்தின்படி அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மல்லிகை நோட்டுப் புத்தகம் படிக்கவில்லை. பெரியவர் தம் குடிசைக்குப் போய் வெகு நேரமாகிவிட்டது. ஒரு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. முன்னங்கால் இரண்டும், அவற்றின்மேல் படிந்தாற்போல் மூக்கும் தெரிந்தால் நல்ல பிரசவம் என்று எழுதியிருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். மூக்கு தெரிந்தது. கால் ஒன்றுதான் தெரிந்தது.

அரை மணி நேரம் மல்லிகை முக்கிற்று. குட்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நாம் கால்நடை வைத்தியரைக் கைப்பேசியில் எழுப்பினோம். புண்ணியவான், கோபித்துக்கொள்ளவில்லை. தாம் வந்து சேர ஒரு மணி நேரமாகும், அதுவரையில் காத்திருக்க முடியாது என்றார். "சின்னக் கையாக யாருக்கு இருக்கிறது?" என்று கேட்டார். சகதர்மிணி வளையல்களைக் கழற்றி நம் கையில் கொடுத்தாள். முழங்கை வரையில் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் தடவிக்கொண்டாள். ஆடு முக்காத சமயம் பார்த்துக் குட்டியின் தலையைச் சற்று உள்ளே தள்ளவேண்டும். மடங்கிய காலின் முட்டியைத் தேடவேண்டும். குளம்பு கர்ப்பப்பையைக் கிழித்துவிடாதபடி அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். வைத்தியர் சொல்லச் சொல்ல நாம் திருப்பிச் சொன்னோம். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "இருக்கிறது... இல்லை, நழுவுகிறது... மல்லிகே, கொஞ்சம் பொறு அம்மா..." நம் கையிலிருந்த விளக்கு ஆடியது. அவள் கை ஆடவில்லை.

"கிடைத்துவிட்டது" என்றாள். அடுத்த முக்கலில் குட்டி வைக்கோலில் விழுந்தது. மூச்சில்லை. மூக்கையும் வாயையும் துடைத்து, வைக்கோலை எடுத்து விலாவில் பரபரவென்று தேய்த்தாள். ஒரு தும்மல்! நாம் வாழ்நாளில் எத்தனையோ சங்கீதக் கச்சேரிகள் கேட்டிருக்கிறோம். அந்தத் தும்மலுக்கு ஈடு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கால் மணியில் இரண்டாவது குட்டி தானாகவே வந்தது. தொப்புளுக்கு அயோடின் வைத்து, இரண்டையும் சீம்பால் குடிக்கவிட்டோம். பிறகுதான் சகதர்மிணி விளக்கை வாங்கி அவற்றின் பின்கால்களுக்கிடையில் பார்த்தாள்.

"இரண்டும் கிடா" என்றாள். வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

பொழுது விடிந்தது. எட்டு மணிக்கு ஒரு சிறு லாரியில் வியாபாரி வந்தார். நாம் ஒரு கடூரமான ஆசாமியை எதிர்பார்த்திருந்தோம். அப்படி இருந்திருந்தால் நமக்கும் சௌகரியமாயிருந்திருக்கும். வந்தவரோ காலை வணக்கம் சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ராத்திரி பிறந்த குட்டிகளைப் பார்த்துவிட்டு, கால் மடங்கியிருந்த சேதியைக் கேட்டு, "நல்ல கைங்கம்மா. நம்ம ஊட்டுப் பொம்பளைங்களே பயப்படுவாங்க" என்றார். நாலு குட்டிகளையும் ஒவ்வொன்றாக மார்போடு அணைத்துத் தூக்கித் தராசில் நிறுத்தினார். மொத்தம் 53 கிலோ. சுட்டிக்குட்டி அவர் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள் சகதர்மிணி. அவள் தடுக்கப்போகிறாள் என்றே நாம் நினைத்தோம். பரணுக்குப் பின்னால் போய் ஒரு கை அகத்தியை ஒடித்து வந்து லாரியில் நாலுக்கும் நடுவே போட்டாள். வியாபாரி காத்திருந்தார். அவை தின்று முடிக்கும் வரையில் என்ஜினைக் கிளப்பவில்லை.

பணத்தை எண்ணி வாங்கிப் புத்தகத்தில் பதிந்தோம். அன்று சாயங்காலம் கறவை வழக்கம்போல் நடந்தது. பாரிஜாதம் ஒன்றேகால் லிட்டர். பால் கறந்த பிறகு காப்பி உண்டா இல்லையா என்று நாம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு டம்ளர்கள் வந்தன. இருவரும் கீழண்டைப் பட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம்.

பன்னிரண்டாம் நாள் நண்பர் தம்பதிகள் திரும்பினார்கள். பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் சேயும் க்ஷேமம். கைப்பேசியிலிருந்த படங்களையெல்லாம் காட்டி முடித்த பின் நண்பர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். எட்டாம் நாளில் நின்றார்.

"மல்லிகைக்குப் போன வருஷமும் இரண்டும் கிடாதான்" என்றார்.

அவர் மனைவி விஷயத்தைக் கேட்டுச் சகதர்மிணியின் வலது கையைப் பிடித்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். சகதர்மிணி, "அந்தக் கால் மடங்கின குட்டி எதுவரையில் இங்கே இருக்கும்?" என்று கேட்டாள்.

"ஆடி வரையில்" என்றாள் நண்பரின் மனைவி. அவளும் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

பஸ் ஏறும்போது ஒரு தூக்கு நிறையக் காய்ச்சின பால் கொடுத்தார்கள். ராத்திரி முழுவதும் சகதர்மிணி அதைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.